வெர்ன் ப்ளெட்சரின் முன்வரிசை

ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் மார்லோ ஃபெரி ஊர்க்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள். கூரை போட்டால் ஒழுகாது. சண்டைக்குப் போனால் பாதியில் திரும்பமாட்டார்கள். இந்த இரண்டிலும் ஊருக்கே முதல் ஆள் வெர்ன் ப்ளெட்சர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அடுத்தவன் ஏணியைச் சுமந்தான், பிறகு சொந்த ஏணி வாங்கினான், கடைசியில் ஆளைக் கூடையில் நிற்கவைத்து மர உச்சிக்குத் தூக்கும் லாரி ஒன்றையே வாங்கி வாசலில் நிறுத்தினான். அதன் கதவில் தன் பெயரை ஆற்றின் அக்கரையிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தான். யாராவது கேலி செய்தால், "கஷ்டப்படாம வாங்கினவன் சின்னதா எழுதிக்கட்டும்" என்பான்.

அந்த ஊரில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, தோளால் முட்டி, ஆளை மண்ணில் சாய்த்து ஆடுவது. காலால் உதைக்கிற ஆட்டத்தைக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடிந்தும் அந்த வெறி அடங்காத ஆண்கள் ஒன்றுசேர்ந்து ரிவர்மென் என்று ஓர் அணி வைத்திருந்தார்கள். கூரை வேலைக்காரன், நிலக்கரிப் படகுக்காரன், சிறைக் காவலன் என்று எல்லாரும் சனிக்கிழமை மத்தியானம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கோச் லூ மசெட்டிக்கும் கிடையாது; அவருக்குச் சோறு போடுவது அவருடைய மதுக்கடை.

அந்த அணியைத் தொடங்கியவனே வெர்ன்தான். முன்வரிசையில் ஐந்து பேர் தோளோடு தோள் நிற்பார்கள். நடுவில் குனிந்து பந்தைத் தரையில் அழுத்திப் பிடித்திருப்பவன் சென்டர். அவன் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்பினால்தான் ஆட்டமே கிளம்பும். பந்து அப்படிக் கிளம்புகிற ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு ஓர் ஆட்டம். அணி பிறந்த நாளிலிருந்து அந்த இடத்தில் வெர்னைத் தவிர வேறொருவன் குனிந்ததில்லை.

அந்த வருஷம் ரிவர்மென்னுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. பந்தைச் சுமந்துகொண்டு ஓடும் ஆட்டமெல்லாம் பிரமாதமாக நடந்தது. முன்வரிசை எதிராளியை அப்படியே உருட்டிக்கொண்டு போனது. ஆனால் பந்தை எறிய வேண்டும் என்று வந்தால் போதும், அதே முன்வரிசை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி குலைந்துவிடும். எறிகிறவன் கையை ஓங்குவதற்குள் நான்கு பேர் அவன்மேல் கிடப்பார்கள்.

எறிகிறவன் புதிய ஆள். பெயர் ஹாலவே. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன், கல்லூரியில் ஆடியவன். முன்பு இருந்தவன் வெர்னின் முதுகோடு ஒட்டி நின்று பந்தைக் கையில் வாங்கிக்கொள்வான். ஹாலவேயும் ஓடும் ஆட்டங்களுக்கு அப்படித்தான் நிற்பான். எறியும் ஆட்டங்களுக்கு மட்டும் நான்கைந்து தப்படி பின்னால் தள்ளி நின்று, பந்தை அங்கே வீசச் சொல்வான். வெர்னுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததை அவன் மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அணி முழுக்க லூவின் கடையில் கூடி, முந்தின நாள் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அறிவிப்பாளர் கூண்டிலிருந்து யாரோ ஒருவர் எடுத்திருப்பார். பந்து எங்கே போகிறதோ கேமராவும் அங்கே போகும். கேமரா எங்கே போகிறதோ கடையில் இருப்பவர்களின் வசவும் அங்கே போகும். அதனால் எல்லா வசவும் ஹாலவேக்கே விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் வாத்தியாரே, பந்தக் கையில வச்சுக்கிட்டு அட்டெண்டன்ஸா எடுக்குறீங்க?" என்றான் வெர்ன், மீன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே.

"மிஸ்டர் ப்ளெட்சர், நான் நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள ஒருத்தன் என் மடியில உக்காந்திருக்கான். யாருக்கு எறியட்டும்? அவனுக்கேவா?"

கடை சிரித்தது. வெர்ன் சிரிக்கவில்லை. "அப்ப இடது ஓரத்துல ஓட்ட. குட்டிக்கு வயசாயிடுச்சு, காலு நகரல."

குட்டி என்பவன் சிறைக் காவலன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, அதனால்தான் அந்தப் பெயர். அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "டேய் வெர்ன், எம்மேல பழியப் போடாத. ஓடுற ஆட்டத்துல அதே ஆளத்தான் நான் சேத்துல பொரட்டுறேன். எறியற ஆட்டம்னா மட்டும் அவனுக்கு எங்கேருந்துடா றெக்க மொளைக்குது? அதச் சொல்லு மொதல்ல."

வெர்ன் சாண்ட்விச்சை மறுபடி கடித்தான்.

லூ கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இங்க பாரு வெர்ன். வர்ற சனிக்கிழம ஒரு ஆட்டம். அதுக்கு அடுத்தது பெல்போர்ட். அதுக்குள்ள முன்வரிசைய நீ சரிபண்ணல, பெல்போர்ட் ஆட்டத்துல நடுவுல ஓட்டிஸ் குனிவான்."

எல்லாரும் ஓட்டிஸைப் பார்த்தார்கள். நிலக்கரிப் படகில் வேலை செய்கிறவன். ஆறு போகிற வழியில் கீழே இருக்கும் வேறோர் ஊரில் சென்டராக ஆடிவிட்டு வந்தவன். இங்கே வெர்ன் அவனைத் தனக்கு இடப்பக்கம் நிறுத்தி வைத்திருந்தான். ஓட்டிஸ் தலையைத் தூக்காமல் உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருந்தான்.

"நான் ஆரம்பிச்ச டீம்யா இது. எனக்கே எடம் காட்டுறியா?" என்றான் வெர்ன்.

"டீம் உன்னுதுதான். தோக்குறதும் உன்னுதாவே இருக்கட்டுமா?"

வெர்ன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பெல்போர்ட் என்றால் ஆற்றுக்கு எதிர்க்கரை. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் இன்னொருவன் நடுவில் குனிவதை ஓரத்தில் நின்று பார்ப்பதற்குப் பதில், அவன் ஏணியில்லாமல் கூரையிலிருந்து இறங்குவான்.

கூரை வேலைக்காரனுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. எங்கோ மேலே புகுந்து, கட்டை வழியே ஓடிவந்து, அறைக்கு நடுவில் சொட்டும். வீட்டுக்காரர்கள் சொட்டுகிற இடத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை தெரிந்தவன் மேலே ஏறிவிடுவான். ஹாலவே விழுகிறான் என்றால் அது சொட்டுகிற இடம். குட்டி கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் மேலே ஏறுகிற வழி.

அடுத்த சனிக்கிழமை வெர்ன் தன் லாரியை மைதானத்தின் கோடியில், கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். மனைவி டார்லாவைக் கூடையில் ஏற்றி, கையில் வீடியோ கேமராவைக் கொடுத்தான். டார்லா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள்; எந்த உயரத்துக்கும் எந்தச் சத்தத்துக்கும் அஞ்சாதவள்.

"டார்லா, பந்தப் பாக்காத. பந்து ஆத்துல போய் விழுந்தாலும் பாக்காத. நாங்க அஞ்சு பேரும், எதுக்க நிக்கிறவனுங்களும். அவ்வளவுதான்."

"இத்தன வருஷமா மேல உக்காந்து உன் முதுகப் பாத்தாச்சு. இப்ப எதுக்க இருந்து மூஞ்சியையும் பாக்கணுமாக்கும்?"

"அதப் பாக்குறதுக்கு ஊரே டிக்கெட் எடுக்குது, கண்ணு."

"ஊருக்கு வேற பொழுதுபோக்கு இல்ல" என்றாள் டார்லா. கூடை மேலே போயிற்று.

ரிவர்மென் எங்கே வந்து நிற்கிறார்களோ, லாரியை அதற்கு எதிர்க்கோடிக்கு மாற்றி மாற்றி ஓட்டினான் வெர்னிடம் வேலை பார்க்கும் ஒருவன். அந்த ஆட்டத்தில் ஹாலவே எழுந்து நின்ற நேரத்தைவிட மல்லாந்து கிடந்த நேரம்தான் அதிகம். ரிவர்மென் தோற்றார்கள். இனி பெல்போர்ட்டிடமும் தோற்றால் அந்த வருஷம் அத்தோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெர்ன் லூவின் கடைக்குப் போகவில்லை. வீட்டில் டி.வி.யை இழுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டார்லா எடுத்த படத்தில் ஆகாயமும் இல்லை, பந்தும் இல்லை. எதிரணியின் நான்கு முதுகுகள், அவற்றுக்கு அப்பால் இவர்களுடைய ஐந்து முகங்கள். இப்படி ஒரு படத்தை மார்லோ ஃபெரியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதல் எறியாட்டத்திலேயே வெர்ன் துள்ளி எழுந்தான். "டார்லா! இங்க வா! திருட்டுப் பசங்க, எல்லாரும் முன்னாடியே கிளம்புறானுங்க! நடுவருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான். இல்லை. பந்து கிளம்பிய அதே கணத்தில்தான் அவர்கள் கிளம்பினார்கள். தப்பே இல்லை. பிந்திக் கிளம்பியது நம் ஆட்கள்தான். குட்டி நிமிர்வதற்குள் எதிராளி அவன் தோளைத் தாண்டியிருந்தான். அடுத்து ஓடும் ஆட்டம் வந்தது. அதில் நேர்மாறு: நம் ஐந்து பேர் முதலில் முட்டினார்கள், எதிராளி திகைத்து நின்றான்.

அப்படியானால் எறியாட்டத்தில் பந்து எப்போது கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெர்னுக்குச் சந்தேகம் பளிச்சென்று ஹாலவேமீது போயிற்று. போனை எடுத்து அவனை வரச்சொன்னான்.

ஹாலவே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தான். "என் குரல்ல எதாவது தெரியுதுங்கிறீங்களா? பந்த அனுப்பச் சொல்லி ரெண்டு ஆட்டத்துக்கும் ஒரே மாதிரிதான கத்துறேன்."

"வாத்தியார் கொரல்ல, வேறென்ன! அடுத்து என்ன வரும்னு பசங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்."

"சரி, சத்தமா வச்சுக் கேட்டுப் பாத்துருவோம்."

கேட்டுப் பார்த்தார்கள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருவரும் மாறி மாறி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். டார்லா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்று பார்த்தாள்.

"ஏன் வெர்ன், பந்த எதுக்கு அப்படி ஆட்டுற?"

"எப்படி ஆட்டுறேன்?"

"ரொட்டி மாவ அமுக்குற மாதிரி. மேலேருந்தே பாத்தேன். கேக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

"நான் ஒன்னும் ஆட்டல."

டார்லா பேசாமல் ரிமோட்டை வாங்கி அழுத்தினாள். எறியாட்டம்: வெர்னின் வலது கை பந்தைச் சற்றே முன்னால் சாய்த்துத் திரும்ப இழுத்தது, பந்து பறந்தது. ஓடும் ஆட்டம்: கை கல் மாதிரி இருந்தது. இன்னோர் எறியாட்டம்: கை ஆடியது. எதிரே நின்ற நான்கு பேரின் தலைகளும் அந்தக் கையை நோக்கியே குனிந்திருந்தன. நம் ஆட்கள் காதை நம்பி ஹாலவேயின் குரலுக்குக் காத்திருந்தார்கள். எதிராளிகள் கண்ணை நம்பி வெர்னின் கைக்குக் காத்திருந்தார்கள்.

ஹாலவே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். குத்திக்காட்டாமல் விட்டதற்காக வெர்ன் அவனை முதல்முறையாக மதித்தான்.

அந்த ஏப்ரலில் ஆணித் துப்பாக்கி நழுவி, வெர்னின் வலது கட்டைவிரல் அடியில் ஓர் ஆணி முழுசாக இறங்கியிருந்தது. குறட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த வரிசை ஓடுகளைப் பதித்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினான். கையைக் கட்டிவைக்கச் சொன்ன டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கதையை ஊரில் கேட்காத ஆள் கிடையாது. அதற்குப் பிறகு விரல் முழுசாக மடங்குவதில்லை. ஒட்டி நிற்கிறவன் கையில் பந்தைக் கொடுக்க அது போதும். தூரத்தில் நிற்பவனுக்கு வீச வேண்டும் என்றால் பந்தை ஒரு முறை ஆட்டி உள்ளங்கையில் உட்காரவைக்க வேண்டும். கை தானாகவே அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தது. அவனிடம் கேட்கவில்லை.

வெர்ன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். ஹாலவேயைத் தள்ளி நிற்கச்சொல்லி, ஆட்டாமல் பந்தை வீசினான். பந்து கார் கொட்டகையைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் விழுந்தது. மறுபடி வீசினான். இந்த முறை ஹாலவேயின் முழங்காலைப் பதம் பார்த்தது. இடது கையால் முயன்றான். அது இன்னும் மோசம்.

"இருட்டிடுச்சு மிஸ்டர் ப்ளெட்சர்."

"வெர்ன்னு கூப்பிடு. உன்னக் கொல்லப் பாத்தவன மிஸ்டர்னு கூப்பிடாத. நாளைக்கும் வா."

ஹாலவே தினமும் வந்தான். முழங்காலுக்குக் காப்பு மாட்டிக்கொண்டு வந்தான். வெர்ன் விரலில் பசைநாடா சுற்றிப் பார்த்தான், கையுறை போட்டுப் பார்த்தான், பந்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். சிலது நேராகப் போகும். அடுத்தது வானத்துக்குப் போகும்.

வார நடுவில் பயிற்சிக்கு எல்லாரும் கூடியபோது, வெர்ன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றான். "முன்வரிசைக்கு என்ன கேடுன்னு கண்டுபிடிச்சாச்சு. என் கைதான். எறியற ஆட்டத்துக்கு முன்னாடி பந்த ஆட்டுறேன். எதிர்த்து ஆடுற பயலுக எல்லாம் அதப் பாத்துத்தான் பாயுறானுங்க."

குட்டி கையைத் தூக்கினான். "இரு இரு. கண்டுபிடிச்சது யாரு, காரணம் யாரு?"

"ரெண்டும் நான்தான்டா. இந்த டீம்ல எத ஒழுங்காச் செஞ்சாலும் நான்தான் செய்யணும்."

மைதானம் அதிரச் சிரித்தார்கள். லூ மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "சரிபண்ண முடியுமா, முடியாதா?"

"பெல்போர்ட்காரனும் கையப் பாத்துத்தான வருவான்? பாக்கட்டும். நான் ஆட்டுவேன், அனுப்பமாட்டேன். பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே அவன் கோட்டத் தாண்டிப் பாய்வான். தப்பு அவன்மேல. ரெண்டு தடவ அப்படி மாட்டினான்னா, அப்புறம் நான் ஆட்டினாலும் பயந்துகிட்டு நிப்பான்."

லூ யோசித்தார். "செல்லுபடியாகுற வரைக்கும் நில்லு. ஆகலன்னா நீயே வெலகிடு, நான் வந்து சொல்றமாதிரி வச்சுக்காத."

பெல்போர்ட் ஆட்டத்தன்று மேகம் ஆற்றைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. முதல் எறியாட்டம். ஹாலவே தள்ளி நின்றான். வெர்ன் குனிந்து எப்போதும்போல் பந்தை ஆட்டினான்; அப்படியே நிறுத்திக்கொண்டான். பெல்போர்ட்டின் ஓரத்து ஆள் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து குட்டியின் மார்பில் மோதினான். தப்பு என்று நடுவர் எறிந்த மஞ்சள் கொடி விழுந்தது. குட்டி அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, சீக்கிரமே வந்துட்டீங்க" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை இரண்டு பேர் பாய்ந்தார்கள். பெல்போர்ட் கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். நடுவர் வெர்னிடம் வந்தார். "ப்ளெட்சர், பந்த ஆட்டினா உடனே அனுப்பு. இன்னொரு தடவ ஆளக் கிளப்புறதுக்குன்னு ஆட்டினே, கொடி உம்மேல விழும்."

அதன்பிறகு பெல்போர்ட்காரர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் ஹாலவேக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த வருஷத்தில் முதன்முறையாக ரிவர்மென்னின் பந்து எறியப்பட்டு, பறந்து, ஒருவன் கையில் போய்ச் சேர்ந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியது. வெர்ன் மார்லோ ஃபெரி பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான்.

ஆனால் பெல்போர்ட் கோச்சும் முட்டாள் இல்லை. நடுவர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. இனி ஆட்டினால் அனுப்பித்தான் ஆகவேண்டும். இடைவேளை முடிந்து வந்ததும் பெல்போர்ட்டின் நான்கு தலைகளும் மறுபடி வெர்னின் கைமேல் குனிந்தன. ஹாலவே மறுபடி மண்ணைக் கவ்வினான். மழையும் பிடித்துக்கொண்டது. பெல்போர்ட் இரண்டு முறை எல்லையைத் தாண்டி முன்னால் போயிற்று.

கடைசிப் பகுதியில் வெர்ன் ஆட்டாமல் அனுப்பிப் பார்த்தான். ஈரப் பந்து ஹாலவேயின் தலைக்கு மேல் பறந்தது. அவன் ஓடிப்போய்ச் சேற்றில் அதன்மேல் விழுந்து எப்படியோ காப்பாற்றினான். பெல்போர்ட் கூட்டம் வெர்னின் பெயரைச் சொல்லிக் கூவியது. லாரிக் கதவில் படித்த பெயர்தானே.

பந்து இன்னும் ஒரே ஒரு முறை ரிவர்மென் கைக்கு வரும்; அது பறிபோவதற்குள் சில ஆட்டங்கள் ஆடி முன்னேறலாம். எல்லைக்கோடு தூரத்தில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடிக் கடக்க நேரம் இல்லை. எறிந்தே தீரவேண்டும். எல்லாரும் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். வெர்ன் ஓரத்தில் நின்ற லூவைப் பார்த்தான். லூ வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிஸ், நடுவுக்கு வா" என்றான் வெர்ன்.

ஓட்டிஸ் நகரவில்லை. "லூ சொன்னாரா?"

"லூ என்னடா சொல்றது? டீம ஆரம்பிச்சவன் சொல்றேன். குனி. உன் எடத்துல நான் நிக்கிறேன்."

"அந்த எடத்துல நீ நின்னதே இல்லையே."

"நிக்கிறதுக்கு என்னடா, ரெண்டு காலு இருக்கு."

குட்டி வெர்னின் தோளில் தோளை இடித்துக்கொண்டு நின்றான். "இன்னும் நெருங்கி வா. நான் பாத்துக்கறேன்." அந்த மாதிரிப் பேச்சை வேறு நாளில் சொல்லியிருந்தால் பல் போயிருக்கும்.

ஓட்டிஸ் குனிந்தான். வெர்ன் அவனுக்குப் பக்கத்தில் கையை ஊன்றினான். பந்து எப்போது கிளம்பும் என்று தெரியாமல் நிற்பது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹாலவேயின் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். குரல் வந்தது, அவன் பிந்திவிட்டான். எதிராளி அவனைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனான். ஆனால் ஓட்டிஸின் கை ஒரு துளியும் ஆடியிருக்கவில்லை. மற்ற மூன்று பெல்போர்ட்காரர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஹாலவே பந்தைச் சட்டென்று எறிந்தான், பிடிபட்டது.

"செத்துட்டியா?" என்று கேட்டான் குட்டி.

"வழுக்கிடுச்சு."

"வழுக்கிடுச்சாம்!"

அடுத்த ஆட்டத்தில் வெர்ன் பிந்தவில்லை. அதற்கடுத்ததில் முந்தினான். பெல்போர்ட்காரர்கள் ஓட்டிஸின் கையில் எதையோ தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கூரைமேல் கட்டுக் கட்டாக ஓடுகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவனின் இடுப்பு வெர்னுடையது. ஒருமுறை பிடித்துவிட்டால் எதிராளி அசைய முடியாது. ஹாலவே பின்னால் நிதானமாக நின்று, பார்த்து எறிந்தான். இன்னொன்று எறிந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டத்தில் வெர்னுக்கு எதிரே, முதலில் பாய்ந்து மாட்டிய அந்த ஓரத்து ஆளே உள்ளே நகர்ந்து வந்து நின்றான். குரல் கேட்டதும் இருவரும் மோதினார்கள். வெர்ன் அவன் மார்புக்கவசத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, கட்டைவிரலில் பாய்ந்த வலியைப் பல்லுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டு, ஓர் அங்குலம்கூட விடாமல் தள்ளி, அவனோடு சேர்ந்து சேற்றில் விழுந்தான். மேலே படுத்துக்கொண்டான். பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் பெரிதாக எழுந்தது. எந்தக் கரைச் சத்தம் என்று மழையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"என்னாச்சு?" என்று கீழே கிடந்தவனிடம் கேட்டான்.

"எல்லையத் தாண்டிட்டாங்கய்யா உங்காளுங்க. எந்திரி, மூச்சு முட்டுது."

வெர்ன் அவசரப்படாமல் எழுந்து, அவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். ஹாலவேயை நான்கு பேர் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். ஓட்டிஸ் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். லூ சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்தார்.

"அடுத்த சனிக்கிழம நடுவுல யாரு?"

"ஓட்டிஸ்" என்றான் வெர்ன், விரலைத் தேய்த்துக்கொண்டே. "இடப்பக்கம் நான். ஓட்டிஸ நடுவுல போட்டது யாருன்னு எவனாவது கேட்டா, உம் பேரச் சொல்லிடாத."